இலவசத் தரவுத்தளமும் தரவு சேர்க்கும் கருவிகளும்



பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், மொத்த வியாபாரக் கடை என்று பல இடங்களில் கணினி வேலை முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். படிப்பு முடித்து அதே வேலைக்குப் போகப்போகிற மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பலர் எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்றுதான். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் காசில்லாமல் கிடைக்கிறது. நாலா பக்கத்திலிருந்தும் வருகிற எக்செல் கோப்புகளையும் பழைய மென்பொருள்களின் தரவையும் அதில் கொண்டுவந்து சேர்க்க எஸ்எஸ்ஐஎஸ் போன்ற கருவியைப் பயன்படுத்த முடியுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி எக்ஸ்பிரஸோடு வராது. ஆனால் அது செய்கிற வேலையில் பெரும்பகுதியை எக்ஸ்பிரஸை வைத்தே செய்துகொள்ளலாம். சிறிய நிறுவனத்துக்கு அது தாராளமாகப் போதும். அப்படியும் தரவு சேர்ப்பது தோற்றுப்போகிற இடங்களில், பெரும்பாலும், உள்ளே வருகிற தரவை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இன்றைய பேச்சில் கருவியைப் பற்றிக் கொஞ்சமும் தரவைப் பற்றி அதிகமும் பேசப்போகிறேன்.

முதலில் இந்த இலவசப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2000 காலத்தில் எம்எஸ்டிஇ என்ற பெயரில் ஒரு இலவச எஞ்சின் இருந்தது. ஒரு தரவுத்தளத்துக்கு 2 ஜிபி வரைதான் இடம். ஒரே நேரத்தில் பலர் வேலை கொடுத்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதற்குள் இருந்தது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த மூலத் தரவுத்தளங்கள் பரவத் தொடங்கியபோது பெரிய நிறுவனங்களுக்கு நெருக்கடி வந்தது. 2005, 2006 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிரஸையும், ஆரக்கிள் எக்ஸ்இ பதிப்பையும், ஐபிஎம் டிபி2 எக்ஸ்பிரஸ்-சியையும் அடுத்தடுத்து இலவசமாகக் கொடுத்தன. நமக்குக் கிடைத்த இந்த வசதிக்குத் திறந்த மூல இயக்கத்துக்குத்தான் பெரிய நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்பிரஸின் அளவு 2005-இல் 4 ஜிபி. 2008 ஆர்2 பதிப்பில் 10 ஜிபி ஆனது. 2025 பதிப்பில் 50 ஜிபி வரை போகலாம். உங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 10 ஜிபி பதிப்பாகத்தான் இருக்கும் என்பதால் அதையே கணக்காக வைத்துப் பேசுகிறேன். ஒரு வரிக்கு 500 பைட் என்று வைத்தால் 10 ஜிபிக்குள் ஏறத்தாழ 2 கோடி வரிகள் அடங்கும். இன்டெக்ஸ்களுக்குப் பாதி இடம் போனாலும் 1 கோடி வரி. ஒரு பள்ளியின் ஐம்பது ஆண்டு மாணவர் பதிவேடு அதில் ஒரு மூலைக்குக் கூட வராது. இடத்தை உண்மையில் அடைப்பவை புகைப்படங்களும் ஸ்கேன் செய்த சான்றிதழ்களும்தான். அவற்றைக் கோப்புறையில் வைத்துப் பாதையை மட்டும் டேபிளில் எழுதலாம். அல்லது ஃபைல்ஸ்ட்ரீம் வசதியைப் பயன்படுத்தலாம், அதில் வைக்கிற கோப்புகள் 10 ஜிபி கணக்கில் சேராது.

அளவைத் தாண்டி வேறு வரம்புகளும் உண்டு. எவ்வளவு பெரிய கணினியில் நிறுவினாலும் ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், எது குறைவோ அதைத்தான் எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொள்ளும். தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1,410 எம்பி மட்டும். இவையெல்லாம் நம் வேலைக்குப் பெரிய தடை அல்ல. தடையாகத் தெரிவது இன்னொன்று: குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுகிற எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது. அதற்கு மாற்று வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கருவிக்கு வருவோம். 1998-இல் வந்த எஸ்க்யூஎல் சர்வர் 7.0-வில் டிடிஎஸ் என்ற பெயரில் ஒரு தரவு மாற்றும் வசதி இருந்தது. 2005-இல் அதை முழுவதும் மாற்றி எழுதி எஸ்எஸ்ஐஎஸ் என்று கொண்டுவந்தார்கள். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, அம்புக்குறியால் இணைத்து, ஒரு மூலத்திலிருந்து தரவை எடுத்து, வழியில் மாற்றி, இன்னொரு இடத்தில் போடுகிற கருவி. அப்படி வரைந்ததை ஒரு பேக்கேஜாகச் சேமித்து நாள்தோறும் ஓட்டலாம். நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் அலுவலகத்தின் அன்றாட வேலைக்குப் பேக்கேஜை ஓட்டும் சேவை ஸ்டாண்டர்டு, என்டர்பிரைஸ் போன்ற கட்டணப் பதிப்புகளோடுதான் வரும்.

இங்கே உரிமத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். டெவலப்பர் பதிப்பு என்று ஒன்று இருக்கிறது. 2016 முதல் அதுவும் இலவசம். என்டர்பிரைஸில் உள்ள எல்லாமே அதில் உண்டு, எஸ்எஸ்ஐஎஸ் உட்பட. அதைப் படிக்கலாம், கட்டலாம், சோதிக்கலாம். அலுவலகத்தின் அன்றாட வேலைக்கு ஓட்டுவதற்கு அதன் உரிமம் இடம் தராது. "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று சிலர் அதையே சர்வரில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. நாளைக்கு ஒரு தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தை நடத்துபவர், போட்டுவிட்டுப் போனவர் அல்ல.

அதே நேரம், எக்ஸ்பிரஸுக்கும் எஸ்எஸ்ஐஎஸ்ஸுக்கும் பகை ஒன்றும் இல்லை. தலைமை அலுவலகத்தில் ஸ்டாண்டர்டு பதிப்பு உரிமத்தோடு இருக்கிறது, கிளைகளில் எக்ஸ்பிரஸ் இருக்கிறது என்றால், தலைமை அலுவலகக் கணினியில் ஓடும் பேக்கேஜ் கிளைகளின் எக்ஸ்பிரஸிலிருந்து தரவை எடுக்கலாம், அதில் எழுதவும் செய்யலாம். பேக்கேஜ் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினிக்குத்தான் உரிமம் வேண்டும். பல கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கு இது நேர்மையான, செலவு குறைந்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை முதன்முதலாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். இணைப்பு கிடைக்காது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். காரணம் கடவுச்சொல்லில் இருக்காது. எக்ஸ்பிரஸை நிறுவும்போது டிசிபி-ஐபி வழி இயல்பாகவே மூடியிருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறந்து, போர்ட் எண்ணைக் குறித்து, சேவையை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டி, ஃபயர்வாலிலும் அந்த எண்ணுக்கு வழிவிட வேண்டும். ஆட்டோ குளோஸ் என்ற அமைப்பும் எக்ஸ்பிரஸில் இயல்பாகத் திறந்தே இருக்கும். யாரும் பயன்படுத்தாதபோது தரவுத்தளத்தை அது மூடிவிடும், அடுத்து வருகிற முதல் கேள்விக்குத் தாமதமாகப் பதில் வரும். அதை அணைத்துவிடுங்கள்.

கட்டணப் பதிப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு என்ன வழி? மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவோடு இம்போர்ட் எக்ஸ்போர்ட் விசார்டு என்று ஒன்று வருகிறது. உள்ளே இருப்பது எஸ்எஸ்ஐஎஸ் எஞ்சின்தான். எக்செல் கோப்பைக் காட்டி, டேபிளைக் காட்டி, அடுத்து அடுத்து என்று அழுத்தினால் தரவு ஏறிவிடும். எக்ஸ்பிரஸோடு இருக்கும்போது அதை உடனே ஓட்டத்தான் முடியும், பேக்கேஜாகச் சேமித்து வைக்க முடியாது. ஆயுளில் ஒருமுறை மட்டும் செய்கிற வேலைக்கு, அதாவது பழைய பதிவேட்டைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோவதற்கு, அது போதும். மாதாமாதம் செய்கிற வேலையை அதில் செய்யாதீர்கள். ஆள் மாறினால் பொத்தான் மாறும், பொத்தான் மாறினால் தரவு மாறும்.

மாதாமாதம், நாள்தோறும் செய்ய வேண்டிய வேலைக்கு எக்ஸ்பிரஸிலேயே மூன்று பொருள்கள் இருக்கின்றன. கோப்பை மொத்தமாக ஏற்றுகிற பல்க் இன்சர்ட் என்ற கட்டளை ஒன்று. அதே வேலையை வெளியிலிருந்து செய்கிற பிசிபி என்ற சிறு நிரல் இன்னொன்று. எழுதி வைத்த கட்டளைகளை ஓட்டுகிற எஸ்க்யூஎல்சிஎம்டி மூன்றாவது. பல்க் இன்சர்ட்டில் நீங்கள் எழுதுகிற கோப்புப் பாதை சர்வர் இருக்கும் கணினியின் பாதை என்பதை மறக்காதீர்கள். உங்கள் மேசைக் கணினியின் டி டிரைவில் இருக்கும் கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. பிசிபி உங்கள் கணினியில் ஓடுவதால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது தரவுக்கு வருகிறேன். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போவது இங்கேதான். கருவியைப் பற்றிய நூல்கள் எல்லாம் ஆங்கிலப் பெயர்களையும் அமெரிக்கத் தேதிகளையும் வைத்து எழுதப்பட்டவை. நம் மேசைக்கு வருகிற கோப்பு அப்படி இருப்பதில்லை.

தமிழ் எழுத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ்க்யூஎல் சர்வரில் வார்கேர், என்வார்கேர் என்று இரண்டு வகை எழுத்துக் காலங்கள், அதாவது டேபிளின் நெடுவரிசைகள், உண்டு. தமிழுக்கு என்வார்கேர்தான். காலத்தை மட்டும் சரியாக வைத்தால் போதாது. கட்டளையில் தமிழ்ச் சொல்லை எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகப் பதிவாகும். ஏன் ஐந்து? நம் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரிந்தாலும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். அப்படி மாறிய பிறகு எந்த வித்தையாலும் திரும்ப எடுக்க முடியாது. மூலக் கோப்பு கையில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் அந்தப் பெயர்கள் போனதுதான்.

எக்செல்லிலும் இதே விபத்து நடக்கும். தமிழ்ப் பெயர்கள் உள்ள தாளைச் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் அங்கேயே கேள்விக்குறிகள் வந்துவிடும். யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். ஏற்றும்போதும் பல்க் இன்சர்ட்டில் கோட்பேஜ் 65001 என்று குறிப்பிட வேண்டும். 2016 பதிப்பில் இருந்து இது வேலை செய்கிறது. முகவரிக்குள் காற்புள்ளி வருகிற நம் ஊர்க் கோப்புகளுக்கு, மேற்கோளுக்குள் உள்ள காற்புள்ளியைப் புரிந்துகொள்கிற சிஎஸ்வி வடிவத் தெரிவும் வேண்டும். அது 2017 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் காற்புள்ளிக்குப் பதில் டேப் வைத்துக் கோப்பைத் தயாரித்துக்கொள்ளலாம்.

2019 பதிப்பில் வார்கேர் காலத்திலேயே யூடிஎஃப்-8 எழுத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வசதி வந்தது. இடம் மிச்சமாகும் என்று சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு மிச்சமாகும். தமிழுக்கு நேர்மாறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், என்வார்கேரில் 2 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு அங்கே 15 பைட், இங்கே 10 பைட். 10 ஜிபி எல்லைக்குள் வாழ்கிற நமக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

இன்னும் நுட்பமான ஒன்று. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. 'கொடுமுடி' என்று ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் இன்னொரு விதமாகவும் தட்டியிருந்தால், ஒரே ஊர் இரண்டு ஊராக எண்ணப்படலாம். ஔ வரிசையில் இன்னும் மோசம், அங்கே ளகரத்தையே தட்டி வைத்திருப்பார்கள். ஏற்றுகிற வழியிலேயே இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பைத்தானில் அதற்கு ஆயத்தமான செயல்பாடு இருக்கிறது. எஸ்க்யூஎல்லிலேயே செய்வதென்றால் ரிப்ளேஸ் கட்டளையால் கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தில் ஒற்றைக் குறியைப் போட்டுவிடலாம். ளகரத்தை மட்டும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 'வெள்ளி'யில் வருகிற ளகரம் உண்மையான ளகரம்.

பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளும் வரும். தாப், திஸ்கி, இலங்கையிலிருந்து வரும் கோப்புகளில் பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். "இப்போதைக்கு ஏற்றிவிடுவோம், பிறகு மாற்றுவோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே காலத்தில் இரண்டு குறியாக்கம் கலந்துவிட்டால் எந்த வரி எது என்று பிரிப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பெயர்களைப் பொருத்துவது அடுத்த சிக்கல். வெளிநாட்டுக் கருவிகள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு காலம் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். ஒரு பட்டியலில் 'மு. செல்வி', இன்னொன்றில் 'செல்வி மு', மூன்றாவதில் ஆங்கிலத்தில் எம். செல்வி. பேருந்துக் கட்டணப் பட்டியலையும் சேர்க்கைப் பட்டியலையும் பெயரை வைத்துப் பொருத்தப் போனால் ஒரு செல்வியின் பாக்கி இன்னொரு செல்வியின் தலையில் விழும். பெயரை வைத்து எதையும் இணைக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். சேர்க்கை எண், உறுப்பினர் எண் என்று ஏதாவது ஒரு எண் இரண்டு பட்டியலிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்து ஒருமுறை கையால் பொருத்தி அந்த எண்ணை எழுதிவிடுங்கள். அந்த உழைப்பு வீண்போகாது.

எண்களிலும் எக்செல் கைவைக்கும். 00457 என்ற உறுப்பினர் எண்ணைத் தட்டினால் முன்னால் உள்ள சுழியங்கள் போய் 457 நிற்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண் முழுதாக உள்ளே இருந்தாலும் திரையில் சுருக்க வடிவில் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். தட்டச்சு தொடங்கும் முன்பே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றி வைப்பதுதான் ஒரே மருந்து. எக்செல் கோப்பை நேரடியாகப் படிக்கும் டிரைவரும், எஸ்எஸ்ஐஎஸ் அதைப் பயன்படுத்தும்போதும்கூட, இயல்பாக முதல் 8 வரிகளைப் பார்த்துத்தான் காலம் எண்ணா எழுத்தா என்று முடிவு செய்யும். முதல் 8 வரியில் எண்ணாக இருந்து ஒன்பதாவது வரியில் '12-ஏ' என்று கதவு எண் வந்தால் அந்த இடம் வெற்றாக ஏறும். பிழைச் செய்தி வராது. கட்டணக் கருவி வாங்கினாலும் தரவைப் பார்க்கிற வேலை நம்மை விட்டுப் போகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தேதி இன்னும் ஆபத்து. இயல்பான நிறுவலில் எஸ்க்யூஎல் சர்வர் தேதியை அமெரிக்க முறையில், மாதத்தை முன்வைத்துப் படிக்கும். 25/04/2024 என்று வந்தால் இருபத்தைந்தாம் மாதம் இல்லை என்று பிழை காட்டும். அது நல்லது. 03/04/2024 என்று வந்தால் ஏப்ரல் 3-ஐ மார்ச் 4 என்று வாய் திறக்காமல் பதிந்துவிடும். பிறந்த தேதியிலும் தடுப்பூசித் தேதியிலும் இப்படி நடந்தால் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் அது தொடர்ந்து வரும். மாற்றும்போது 103 என்ற நடை எண்ணைக் கொடுத்தால் நாள், மாதம், ஆண்டு என்ற நம் வரிசையில் படிக்கும்.

இத்தனை வகைப் பிழைகளையும் பிடிப்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். கோப்பை நேரடியாக உண்மையான டேபிளில் ஏற்றாதீர்கள். முதலில் ஒரு ஸ்டேஜிங் டேபிளில் ஏற்றுங்கள். அதில் எல்லாக் காலமும் என்வார்கேர். தேதி, தொகை எல்லாமே எழுத்தாகவே வரட்டும், எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். கூடவே கோப்பின் பெயர், கோப்பில் எத்தனையாவது வரி என்ற இரண்டு காலம். பிறகு ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் அந்த வரிகளைச் சோதிக்கட்டும். டிரை கன்வர்ட் என்ற செயல்பாடு மாற்ற முடியாத மதிப்பைக் கண்டால் வேலையை நிறுத்தாது, வெற்றாகத் திருப்பும். அப்படி வெற்றாக வந்த வரிகளைக் காரணத்தோடு ஒரு நிராகரிப்பு டேபிளுக்கு அனுப்புங்கள். மற்றவை மட்டும் உண்மையான டேபிளுக்குப் போகட்டும்.

அந்த நிராகரிப்பு டேபிளை வாரம் ஒருமுறை அச்செடுத்து, தரவு தட்டுகிறவரிடமே கொடுங்கள். 'வரி 212, பிறந்த தேதி 31/06/2015, ஜூனில் 31 இல்லை' என்று ஒரு தாளில் பார்த்தால் அவரே பதிவேட்டைப் புரட்டிச் சரியான தேதியைச் சொல்லிவிடுவார். கணினிப் பிரிவில் உட்கார்ந்து நாம் ஊகித்துத் திருத்தக் கூடாது. தரவு யாருடையதோ அவர்தான் திருத்த வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் சில மாதங்களில் நிராகரிப்புப் பட்டியல் தானே குட்டையாகிவிடும்.

ஒரே கோப்பைத் தவறி இரண்டு முறை ஏற்றினாலும் கணக்கு இரட்டிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள எண் என்றால் திருத்து, புதிய எண் என்றால் சேர். மெர்ஜ் என்று ஒரே கட்டளையிலும் செய்யலாம். முதலில் அப்டேட், பிறகு இன்சர்ட் என்று இரண்டாகப் பிரித்து, ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். நமக்குப் பிறகு வருகிறவருக்குப் படித்தால் புரியும்.

ஸ்டேஜிங் டேபிள்களுக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். எக்ஸ்பிரஸின் அளவு வரம்பு ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியானது. ஸ்டேஜிங்கிற்கென்று அதே சர்வரில் வேறொரு தரவுத்தளம் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் தனியாக 10 ஜிபி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே கட்டளையில் தரவை நகர்த்தலாம். லாக் கோப்பும் இந்தக் கணக்கில் வராது. 2016-இன் முதல் சர்வீஸ் பேக் வந்தபோது, அதுவரை கட்டணப் பதிப்பில் மட்டும் இருந்த டேபிள் சுருக்கும் வசதியையும் எக்ஸ்பிரஸுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய ஆண்டுகளின் தரவுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

ஏஜென்ட் இல்லாத குறைக்கு விண்டோஸிலேயே டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. எஸ்க்யூஎல்சிஎம்டியை அழைக்கும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, இரவு ஒரு மணிக்கு ஓடும்படி வையுங்கள். எஸ்க்யூஎல்சிஎம்டிக்கு 'பி' என்ற சுவிட்சைக் கொடுத்தால்தான் பிழை நேரும்போது நின்று, பிழை எண்ணோடு வெளியே வரும். கொடுக்காவிட்டால் உள்ளே தோற்றிருந்தாலும் ஷெட்யூலர் 'வெற்றி' என்றே காட்டும். யாரும் லாகின் செய்யாதபோதும் ஓடும்படி அமைக்க வேண்டும். அதற்கு யாரோ ஒரு ஊழியரின் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அவர் கடவுச்சொல்லை மாற்றிய அன்றிரவு வேலை நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், படித்த வரி, ஏறிய வரி, தள்ளிய வரி என்று ஒரு பதிவு டேபிளில் எழுதுங்கள். படித்தது, ஏறியதும் தள்ளியதும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பது. அதே பேட்ச் ஃபைலில் பேக்கப் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள்.

நேற்றிலிருந்து மாறிய வரிகளை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், ஏஜென்ட்டை நம்பியிருக்கும் சிடிசி என்ற வசதி எக்ஸ்பிரஸில் இல்லை. ஆனால் சேஞ்ச் டிராக்கிங் இருக்கிறது. எந்த வரி மாறியது என்று அது சொல்லும், பழைய மதிப்பு என்ன என்று சொல்லாது. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குத் தரவு அனுப்ப அது போதும்.

எக்ஸ்பிரஸுக்கு வெளியே இருக்கும் இலவசக் கருவிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிகளை வரைந்து வேலை செய்வதுதான் பிடிக்கும் என்றால் கெட்டில் என்ற பென்டாகோ கருவியும், அதிலிருந்து பிரிந்து அப்பாச்சி அறக்கட்டளையில் வளர்கிற ஹாப் கருவியும் எக்ஸ்பிரஸோடு நன்றாகவே பேசும். டேலண்ட் ஓப்பன் ஸ்டுடியோ என்ற கருவியைப் பலர் நம்பியிருந்தார்கள். அதை வைத்திருந்த நிறுவனம் 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இலவசக் கருவி நாளையே இல்லாமல் போகலாம் என்பதால்தான் சோதனை விதிகளைக் கருவிக்குள் பூட்டாமல் புரொசீஜரில் எழுதச் சொல்கிறேன். அவை உங்கள் கையிலேயே இருக்கும். நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களுக்குப் பைத்தான் போதும். அதன் பாண்டாஸ் நிரலகத்தில் கோப்பைப் படிக்கும்போது எல்லாக் காலத்தையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் போஸ்ட்கிரெஸையும் பார்க்க வேண்டும். உரிமத்தின் பெயரில் அளவு வரம்பு அதில் இல்லை. வெளித் தரவுத்தளங்களைத் தன் டேபிள் போலவே படிக்கும் ஏற்பாடும் உண்டு. ஏற்கெனவே வாங்கிய மென்பொருள் எக்ஸ்பிரஸை நம்பி ஓடுகிறது என்றால் அதை மாற்ற முயல வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு பத்து நிமிடங்களுக்குள் உலகெங்கும் பரவிக் குறைந்தது 75,000 கணினிகளைப் பிடித்தது. அது தாக்கியது எஸ்க்யூஎல் சர்வர் 2000-ஐயும் இலவச எம்எஸ்டிஇயையும். ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. வேறு ஏதோ மென்பொருளோடு எம்எஸ்டிஇ தங்கள் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருப்பதே பலருக்குத் தெரியாததால் அவர்கள் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை. எக்ஸ்பிரஸும் அப்படித்தான் நம் அலுவலகங்களில் நுழைகிறது, பில்லிங் மென்பொருளோடும் வருகைப் பதிவுக் கருவியோடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை வேலைக்குப் போனதும் உங்கள் நிறுவனத்தில் எத்தனை எக்ஸ்பிரஸ் ஓடுகிறது, ஒவ்வொன்றும் எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது, கடைசி பேக்கப் எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2014-ஆம் ஆண்டுப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. அதுவோ அதற்கு முந்தையதோ இருந்தால், தரவு சேர்க்கும் வேலையைத் தொடங்கும் முன் அதைப் புதுப்பியுங்கள்.